மீன் வாய்க் காசு

ஸ்டான்லி ஜீப்பிலிருந்து ஃப்ளெக்ஸ் பேனரை இறக்கி முற்றத்தில் விரித்ததும், பெனிஷா செருப்புக் காலோடு அதன் மேல் ஏறி நின்று வாசித்தாள்.

“ஏ, எறங்கு புள்ள! ராயப்பர் மூஞ்சில மிதிக்கிற!” என்று கத்தினான் ஸ்டான்லி. அவன் அவளுடைய பெரியப்பா மகன், குமுளிக்கு ஜீப் ஓட்டுகிறவன்.

“இது ராயப்பர் மூஞ்சின்னு யாருண்ணே சொன்னது?”

பேனரில் இப்படி இருந்தது: “இயேசுவின் சொற்படி புனித இராயப்பர் மீன் வாயிலிருந்து எடுத்த காசு. தலைமுறை தலைமுறையாய்ப் போற்றிக் காத்துவரும் பிலவேந்திரன் குடும்பத்தார் உங்களைத் திருவிழாவுக்கு அன்புடன் வரவேற்கிறோம்.” நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிதாக்கிய காசு. பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் கைகூப்பியபடி பிலவேந்திரன் பெரியப்பா. காசைவிட அவர்தான் பெரிதாக இருந்தார்.

படத்தில் இருந்தவர் நேரிலும் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியபடி, “என்னத்தா, பேனர் நல்லா வந்திருக்கா?” என்றார்.

“ஒங்க சட்ட நல்லா வந்திருக்கு பெரியப்பா. மத்ததெல்லாம் தப்பு.”

“என்ன தப்பு?”

“மீன் வாயில இருந்தது வெள்ளிக்காசு. ரெண்டு பேருக்கு வரி கட்டுற பெரிய காசு. நம்மகிட்ட இருக்கிறது வெங்கலம். சந்தையில கீரைக்கட்டு வாங்குற சில்லற.”

“மீனுக்குத் தெரியுமா, எது வெள்ளி எது வெங்கலம்னு?”

ஸ்டான்லி சிரித்துவிட்டான். பெனிஷாவுக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு முதுகலைப் பட்டத்தை இந்த மாதிரி ஒரு வரியில் கவிழ்த்துப்போட பெரியப்பாவால் மட்டும்தான் முடியும்.

“அப்ப இது என்ன காசுன்னு நீதேன் சொல்லேன். படிச்சவதான?”

“கையில குடுங்க, சொல்றேன்.”

குழாயடியில் உட்கார்ந்து பெரிய தவலையைப் புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்த ஆரோக்கியம்மாள் பெரியம்மாவின் கை ஒரு நொடி நின்று, மறுபடி ஓடியது.

அந்தக் காசு ராயப்பன்பட்டியில் அவர்கள் குடும்பத்துக்கு எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. வம்சத்தில் முதலில் ஞானஸ்நானம் வாங்கியவருக்கு வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் கொடுத்தார் என்பது பேச்சு. ஒரு பக்கம் தாடி வைத்த முகம். மறு பக்கம் நெட்டுக்குத்தலாக ஏதோ ஒன்று, அதற்கு இரு புறமும் வளைந்த மீன். வரி கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்க, ‘தூண்டில் போடு, முதலில் படுகிற மீன் வாயில் காசு இருக்கும்’ என்று இயேசு தன் சீடர் ராயப்பரிடம் சொன்னது வேதத்தில் இருக்கிறது. ராயப்பருக்குத் தாடி உண்டு. மோட்சத்துச் சாவியும் அவர் கையில்தான். ஆகவே முகம் ராயப்பர், நெட்டுக்குத்தலாக நிற்பது சாவி, மீன் மீன்தான். இதற்கு மேல் அந்தக் குடும்பத்தில் யாரும் ஆராய்ச்சி செய்யவில்லை.

காசு மூத்த ஆண் பிள்ளை வீட்டில் இருக்கும். வருசத்துக்கு ஒருமுறை, ராயப்பர் திருவிழாவன்று, பித்தளைத் தட்டில் வெளியே வரும். ஆண்கள் எடுத்து உதட்டில் ஒற்றி முத்தி செய்வார்கள். பெண்கள் தட்டின் விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், காசைத் தொடக்கூடாது. பெண் கை பட்டால் காசு கறுத்துவிடும். இதற்கு எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை, ஆனால் சாட்சி இருந்தது. வருசம் முழுக்க மங்கலாகக் கிடக்கிற காசு திருவிழாக் காலையில் தங்கம் போல மின்னும். “ஒரு கை தொடல, ஒரு துணி படல. ராயப்பர் புதுமை!” என்று பெரியப்பா தட்டை உயர்த்திக் காட்டுவார்.

“கையில குடுக்க மாட்டேன்” என்றார் இப்போது. “தொடாமச் சொல்லு. எந்த ஊரு, எந்த ராசான்னு நா ஒத்துக்கிறாப்புல சொல்லிப்புட்டா, பேனரக் கட்டல. அதோட, ஸ்டான்லி மகளுக்கு திருவிழாவன்னைக்குத்தான ஞானஸ்நானம்? அவ பேருக்கு மெழுகு வில்லை போடுறப்ப நீயே காச எடுத்து அமுக்கு. சொல்ல முடியலன்னா, இதே பேனருக்குக் கீழ நின்னு வாறவுகளுக்கெல்லாம் நீதேன் ரோஸ்மில்க் ஊத்தணும். சிரிச்ச மூஞ்சியா ஊத்தணும்.”

“வாக்கு மாற மாட்டீகளே?”

“பிலவேந்திரன் வாக்குத்தா.”

அவளுடைய அப்பா ஏசுதாசன் திராட்சைப் பந்தலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். “அண்ணன்கிட்ட வாயக் குடுக்காதத்தா” என்றார் வழக்கம்போல. வழக்கம்போல நேரம் கடந்திருந்தது.

பெனிஷாவுக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் வேண்டாம். ஆனால் இதற்குக் காரணம் இருந்தது. அந்த வீட்டில் முதன்முதலில் கல்லூரிப் படியேறியவள் அவள். தொல்லியல் படித்தாள். படித்த படிப்புக்கு மாவட்டத்தில் வேலை இல்லை என்று ஆளுக்கு ஆள் சிரித்தபோது, வெளிநாட்டு ஏலக் கம்பெனி ஒன்றில் வீட்டிலிருந்தே செய்கிற வேலை பிடித்தாள். பழைய கிரேக்க வெண்கலக் காசுகளின் படங்கள் குவியலாக வரும். எந்த ஊர், எந்த ராஜா, எந்தக் காலம் என்று அவள் எழுதி அனுப்பவேண்டும். வீட்டில் அதற்கு ‘துரு பாக்குற வேலை’ என்று பெயர்.

துருவைப் பார்ப்பதில் அவள் கெட்டிக்காரி. வெள்ளிக்காசை யார் வேண்டுமானாலும் அடையாளம் சொல்லலாம். பத்திரப்படுத்தி வைத்திருப்பார்கள், எழுத்து பளிச்சென்று இருக்கும். வெண்கலம் ஏழைகள் கையில் உருண்ட காசு. முகம் தேய்ந்திருக்கும், எழுத்து பாதி உதிர்ந்திருக்கும். தாடி வைத்த தலைகளெல்லாம் அண்ணன் தம்பி போலவே இருக்கும். காசைத் திருப்பினால்தான் ஊர் தெரியும். தேனீ போட்டிருந்தால் எபேசு, ரோஜாப்பூ என்றால் ரோட்ஸ் தீவு, குதிரையும் திராட்சைக் கொடியும் என்றால் மரோனியா. மிச்சம் கிடக்கிற இரண்டு எழுத்தை வைத்து ராஜாவைப் பிடிக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் பிடித்திருந்தாள். ஆனால் எல்லாம் திரையில். ஒரு கிரேக்கக் காசைக்கூட அவள் கையில் வாங்கிப் பார்த்ததில்லை. எடை எவ்வளவு என்று வேறு யாரோ போட்டு அனுப்புவார்கள். உள்ளங்கையில் அது எப்படிக் கனக்கும் என்று தெரியாது. அவள் எட்டித் தொடக்கூடிய தூரத்தில் உலகத்தில் ஒரே ஒரு காசு இருந்தது. அது இரண்டு வீடு தள்ளி பெரியப்பா பீரோவில் இருந்தது. அதைத் தொடக்கூடாதாம்.

‘தொடாமலே சொல்றேன்’ என்று பல்லைக் கடித்தாள். ஏனென்றால் வழி ஒன்று இருந்தது.

அந்தக் குடும்பத்தில் எந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆனாலும், கோயிலில் கொடுத்த மெழுகுதிரியை வீட்டுக்குக் கொண்டுவந்து, காசு வெளியே வரும் திருவிழாவன்று உருக்கி ஒரு சின்னத் தட்டில் ஊற்றுவார்கள். மெழுகு இறுகுவதற்குள், எண்ணெய் தொட்ட காசை ஒருமுறை முகப் பக்கமும் ஒருமுறை மீன் பக்கமும் அமுக்கி எடுப்பார்கள். அந்த மெழுகு வில்லை பிள்ளையின் பேரால் டப்பாவில் தூங்கும். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை வித்தியாசம் இதில் கிடையாது. காசைத் தொட முடியாவிட்டாலும் காசு தொட்ட மெழுகு எல்லார் வீட்டிலும் இருந்தது. பெரிய பெரிய அருங்காட்சியகங்களில்கூட காசை அச்செடுத்து வைத்து, அச்சோடு அச்சை ஒப்பிட்டுத்தான் ஆராய்வார்கள். இந்தக் குடும்பம் அந்த வேலையைத் தன்னை அறியாமல் செய்துகொண்டிருந்தது.

முதலில் தன் வில்லையை எடுத்தாள். பாதி ஏமாற்றம். ஒரு குச்சி, இரண்டு வளைந்த பள்ளம், மறு பக்கத்தில் ஒரு தாடி நிழல். ஸ்டான்லியுடையது அதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. அப்பாவின் வில்லையை டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். குச்சியின் தலையில் மூன்று பல் இருந்தது.

“சாவிக்கு எங்கடா மூணு பல்லு?” என்று தனியாக உட்கார்ந்து சிரித்தாள்.

ஒரு வில்லை போதாது. ஒரு படத்தை மட்டும் நம்பி ஊர் சொல்லக்கூடாது என்பது அவள் தொழிலில் முதல் பாடம். வடுகபட்டியில் வாக்கப்பட்டுப் போன அத்தையிடம் ஒன்று இருக்கும். உத்தமபாளையத்து ரம்லத்துக்குப் போன் போட்டாள். கல்லூரித் தோழி, நகைக்கடை வீட்டுப் பெண், சொந்தமாக ஸ்கூட்டர் வைத்திருப்பவள்.

“ஒரு மெழுகுத் துண்டப் பாக்க வடுகபட்டி வரைக்குமா?” என்று கேட்டுக்கொண்டே ரம்லத் வந்துவிட்டாள். வழியெல்லாம் எதிர்காற்று, சாரல். பின்னால் உட்கார்ந்த பெனிஷா பெரியப்பாவைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

“எங்க வாப்பாகிட்டயும் பழைய காசு கெடக்கு. மூஞ்சி, மீனு ஒண்ணுங் கெடயாது. எழுத்து மட்டும்தேன். யாரு காசுன்னு அதுலயே எழுதியிருக்கும், வாசிச்சா முடிஞ்சது சோலி” என்றாள் ரம்லத். “ஒங்களுக்குத்தேன் தாடியப் பாத்து ஆள் கண்டுபிடிக்கிற பொழப்பு.”

அத்தை டப்பாவைத் திறந்து, “எங்கிட்டு வச்சேனோன்னு நெனச்சேன். இந்தா இருக்கு. பாத்துட்டுக் குடுத்துரு, எம் பேரு போட்டது” என்று நீட்டினாள். பெனிஷா பார்த்தாள். போனில் படம் எடுத்தாள். மெழுகில் எல்லாம் இடவலமாக மாறி இருக்கும், ஆகவே படத்தைத் திருப்பினாள். பிறகு அத்தையைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். அத்தை பயந்துபோய் ரம்லத்தைப் பார்த்தாள்.

“அவளுக்கு ராசா கெடச்சுட்டாக அத்த. நீங்க டீயப் போடுங்க” என்றாள் ரம்லத்.

திருவிழாவுக்கு முந்தின நாள் மத்தியானம், பெரியப்பா வீட்டு முற்றத்தில் பெனிஷா கடையைப் பரப்பினாள். அவரவர் வில்லை வரிசையாக: அப்பா, அத்தை, ஸ்டான்லி, அவள். பெரியப்பாவுடையதை ஆரோக்கியம்மாள் பெரியம்மா பீரோவுக்கு மேலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி குழாயடிக்குப் போனாள். கோயிலுக்குக் கொடுக்க வேண்டிய குத்துவிளக்கு, மெழுகுதிரித் தண்டு, தட்டு என்று ஒரு மலை பித்தளை அவளுக்குக் காத்திருந்தது. பேனர் சுருட்டி ஓரத்தில் தயாராக நின்றது. ஸ்டான்லி மனைவி ஜெபஷீலா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

“ம், சொல்லு” என்றார் பெரியப்பா நாற்காலியில் சாய்ந்து.

“ஊரு சிராக்கூசா. இத்தாலிக்குக் கீழ சிசிலின்னு ஒரு தீவு, அதுல இருக்கு. ராசா பேரு ஹியரோன். ஆர்க்கிமிடீஸ்னு ஒருத்தரு, குளிச்சுக்கிட்டிருந்தவரு எந்திரிச்சு ஓடினாருல்ல, அவரு ராசா.”

“எட்டாப்பு சயின்ஸ்ல வந்த ஆளா?” ஸ்டான்லி நிமிர்ந்தான். “கிரீடத்துல கலப்படம் இருக்கான்னு பாக்கச் சொன்னது?”

“அவரேதேன். அவரு அடிச்ச சில்லறை இது. இந்தா, அத்த வில்லையில எழுத்தப் பாருங்க.” போனைக் காட்டினாள். “ஒரு குச்சி, ஒரு சீப்பு, ஒரு கொடி, ஒரு லாடம். கிரேக்க எழுத்து. அந்தப் பக்கம் மிச்சம் மூணு எழுத்து. ஹியரோனோடதுன்னு அர்த்தம். நடுவுல நிக்கிறது சாவி இல்ல, சூலாயுதம். மூணு பல்லு. ரெண்டு பக்கமும் மீன் இல்ல, டால்பின்.”

“அப்ப தாடி?”

“தலையில துணிப்பட்ட கட்டியிருக்காரு பாருங்க. பொசைடன். அவுக ஊரு கடல் சாமி.”

பெரியப்பா சிலுவை போட்டுக்கொண்டார். “எங்க அப்பன், பாட்டன் எல்லாரும் முத்தி செஞ்சாகளே!”

“விடுங்க” என்றாள் பெரியம்மா குழாயடியிலிருந்து. “அவரும் மீனுக்காரவுக, இவரும் மீனுக்காரவுக. சண்டையா போடப் போறாக?”

பெரியப்பா லேசில் விடுகிறவர் இல்லை. எழுந்து உள்ளே போனார். அரைஞாண் கயிற்றில் இருந்த சாவியால் பீரோவைத் திறந்து, சின்னப் பித்தளைச் சம்புடத்தை எடுத்துவந்து மூடியைத் திறந்து நீட்டினார். தொட விடவில்லை, பார்க்க விட்டார். பெனிஷா குனிந்தாள். மங்கிப் பழுப்பேறி, சின்னதாக, அவ்வளவு பக்கத்தில்.

“மூணு பல்லு எங்க? எழுத்து எங்க? ஒரு குச்சிதேன் இருக்கு. வில்லதேன் வெயிலுக்கு இளகி மூணாப் பிரிஞ்சிருக்கு.”

“மூணு பேரு வில்லையும் ஒண்ணுபோலவா இளகும் பெரியப்பா? ஒங்களுது, அப்பாவுது, அத்தையுது. மூணுலயும் மூணு பல்லு.”

பெரியப்பா மூன்றையும் பார்த்தார். முகம் மாறியது. “அப்படின்னா காசு மாறிருச்சு. பழைய காச எவனோ எடுத்துட்டு வேற காச வச்சிருக்கான்.” பார்வை ஸ்டான்லி மேல் போய் நின்றது.

“யப்பா, என்னைய ஏன் பாக்குறீக?”

“மாறல” என்றாள் பெனிஷா அவசரமாக. “விளிம்புல ஒரு வெட்டு இருக்கு பாருங்க, முகத்துக்குப் பின்னால. வார்க்கும்போது விழுந்தது. அஞ்சு வில்லையிலயும் அதே எடத்துல அதே வெட்டு. காசுலயும் இருக்கு. அதே காசுதேன். தேஞ்சுபோச்சு. அத்த வில்லைக்கும் ஸ்டான்லி அண்ணன் வில்லைக்கும் நடுவுல இருந்து, யாரோ இதப் போட்டு அரக்கித் தேக்க ஆரம்பிச்சிருக்காக. வருசா வருசம் தேச்சிருக்காக. ஒவ்வொரு வில்லையிலயும் கொஞ்சங் கொஞ்சமாக் கொறையுது. ரெண்டாயிரத்து இருநூறு வருசத்துல தேயாதது முப்பது வருசத்துல...”

“யாரு தேச்சா?” பெரியப்பாவின் குரல் ஏறியது. “சாவி என் இடுப்புல. வருசத்துல ஒரு நாதேன் வெளிய வருது. யாரு தேப்பா?”

பெனிஷா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அப்போதுதான் குழாயடியில் சத்தம் நின்றிருப்பது காதில் விழுந்தது. பெரியம்மாவின் கையில் பாதி விளக்கிய மெழுகுதிரித் தண்டு. பாதி கறுப்பு, பாதி தங்கம். விரலிடுக்கில் புளி. அவள் தலையைத் தூக்கவே இல்லை.

பெரியம்மா இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தது ஸ்டான்லி பிறப்பதற்கு ஒரு வருசம் முன்னால்.

பெனிஷாவுக்கு வாயில் இருந்த வார்த்தை வாயிலேயே நின்றது. பிறந்ததிலிருந்து அவள் விழுங்கிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

“சொல்லுத்தா. யாரு?”

“தெரியல பெரியப்பா.”

“தெரியலையா?”

“நா... தப்பாச் சொல்லியிருக்கலாம். வெயிலுக்கு இளகியிருக்கலாம்.”

ஸ்டான்லி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். “ஏ, காய்ச்சலா ஒனக்கு?”

“அப்ப தோத்துட்டேன்னு ஒத்துக்கிறியா?” என்றார் பெரியப்பா.

சம்புடத்தில் காசு கிடந்தது. கையை நீட்டினால் ஒரு சாண். “ஒத்துக்கிறேன்” என்றாள். கல்லைக் கடித்தது போல இருந்தது.

பெரியப்பா சம்புடத்தை மூடினார். ஜெயித்த முகம் உடனே வந்துவிட்டது. “ஏலே ஸ்டான்லி, பேனரக் கட்டு. ரோஸ்மில்க்குக்குப் பெரிய டிரம்மாப் பாத்து எடு.”

“இருங்க.”

பெரியம்மா எழுந்து வந்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். “புள்ள தோக்கல. நாந்தேன் தேச்சேன்.”

“எத?”

“காசத்தேன். திருவிழாவுக்கு முந்தின நா நீங்க சம்புடத்த மாடத்துல வச்சுட்டுக் கோயிலுக்குப் போயிருவீக. பித்தளையெல்லாம் வெளக்கும்போது சம்புடத்தையும் வெளக்கணும்ல? சம்புடம் மின்னும்போது உள்ள இருக்கிறது மட்டும் கறுகறுன்னு கெடந்தா நல்லாவா இருக்கும்? வந்த வருசமே ஒரு புளியப் போட்டேன். பளிச்சுன்னு ஆயிருச்சு. காலையில நீங்க எடுத்துப் பாத்துட்டு, புதுமைன்னீக.”

“வருசா வருசமா?” என்றார் பெரியப்பா.

“வருசா வருசம். இவன் வயித்துல இருந்தப்பகூட.”

“கறுக்கலையா?”

“புளி போட்டா எதுக்குக் கறுக்குது?”

“செங்கப்பொடியுமா போட்ட?”

“கற போகலன்னா என்ன செய்ய?”

ஜெபஷீலா பிள்ளையின் மேல் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், முதுகு குலுங்கியது. ஸ்டான்லி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“நா தட்டத் தூக்கி, ஒரு கை தொடல, ராயப்பர் புதுமைன்னு ஊருக்கே சொல்லும்போதெல்லாம், நீ பக்கத்துலதான நின்ன?”

“நின்னேன்” என்றாள் பெரியம்மா. “எம் புதுமைதான? கேக்க நல்லா இருந்துச்சு.”

பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். சம்புடத்தைப் பார்த்தார், மனைவியின் கையைப் பார்த்தார், மறுபடி சம்புடத்தைப் பார்த்தார். மீசை துடித்தது. கோபம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அது சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

கோபம் வந்தது பெனிஷாவுக்குத்தான். “பெரியம்மா! வெங்கலக் காசப் புளி போட்டுத் தேக்கலாமா? அந்தக் களிம்புதேன் அதுக்குத் தோலு! ராசா பேரே போச்சு! டால்பினுக்கு மூக்கப் பாருங்க, வெரால் மீன் மாதிரி ஆக்கி வச்சிருக்கீக!”

“அழுக்கா இருந்தா வெளக்கணும்த்தா. காசுன்னா என்ன, குண்டான்னா என்ன?”

“இங்க வா” என்றார் பெரியப்பா. சம்புடத்தைத் திறந்து அவளிடம் நீட்டினார். “வாக்குன்னா வாக்கு. எடு.”

எடுத்தாள். நினைத்திருந்ததைவிடச் சின்னது, நினைத்திருந்ததைவிடக் கனம். தொட்டதும் குளிர்ந்திருந்தது, உள்ளங்கையில் கொஞ்ச நேரத்திலேயே அவள் சூட்டுக்கு வந்துவிட்டது. கட்டை விரலால் தடவினாள். கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒன்று விரலுக்குத் தட்டுப்பட்டது. சீப்பு. ஒரே ஒரு சீப்பு மிச்சம் இருந்தது.

“ஊரு பேரு என்னன்னு சொன்ன?” என்று பெரியப்பா கேட்டார்.

“சிராக்கூசா.”

அவர் நெற்றியைத் தட்டிக்கொண்டார். “அட! வேதத்துல, அப்போஸ்தலர் பணியில வருதே! சின்னப்பர் கப்பல் ஒடஞ்சு, தப்பிச்சு ரோமாபுரி போற வழியில அந்த ஊருலதான மூணு நா தங்குனாக? நாளைக்கு ராயப்பர் சின்னப்பர் ரெண்டு பேருக்கும்தான திருவிழா? இது சின்னப்பர் காசு!”

“பெரியப்பா! இது அவரு அங்க போறதுக்குக் கிட்டத்தட்ட முந்நூறு வருசம் முந்தி அடிச்சது!”

“பழைய காசு கடையில செல்லாதா?”

“செல்லும். சில்லறை ரொம்ப நாளைக்குக் கை மாறும். ஆனா...”

“மூணு நா ஒரு ஊருல தங்குனவரு கையில சில்லற இல்லாமயா இருந்திருப்பாரு? இது அவரு கையில இருந்ததே இல்லைன்னு ஒன்னால சொல்ல முடியுமா?”

பெனிஷா யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாதது அவளுக்கு எப்போதும் தொந்தரவு. “முடியாது. ஆனா ஆமான்னும் சொல்ல முடியாது. பேனர்ல ‘இருக்கலாம்’னு போடுங்க, நா ஒத்துக்கிறேன்.”

“‘இருக்கலாம்’னு எவன் பேனர் போடுவான்?” என்றார் பெரியப்பா. பேனர் அதோடு முடிந்தது.

வீணாகவில்லை. மறுநாள் விருந்துக்குப் பிரியாணி அண்டா வைத்த இடத்தில் சாரலுக்கு மறைப்பாக அதைக் கவிழ்த்துக் கட்டினார்கள். அடியில் நின்று சோறு கிளறியவர்கள் அண்ணாந்து பார்த்தால், தலைகீழாகப் பெரியப்பா கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

ரம்லத் கடையிலிருந்து சின்னத் தராசைக் கொண்டுவந்திருந்தாள். காசு ஆறு கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. “மிச்சம் புளியோட போயிருச்சு” என்றாள் பெனிஷா. ரம்லத் காசை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்து, “பாவம், இந்த மனுசனுக்கு மூக்கே இல்ல” என்று திருப்பிக் கொடுத்தாள்.

பிள்ளை கோயிலிலிருந்து நனைந்த தலையோடு வந்து, ஜெபஷீலா தோளில் தூங்கியது. மெழுகை உருக்கித் தட்டில் ஊற்றினார்கள். பெனிஷா காசில் தேங்காய் எண்ணெய் தொட்டு, மெழுகின் மேல் ஆடை படரும் வரை காத்திருந்து, முகப் பக்கம் ஒருமுறை, மீன் பக்கம் ஒருமுறை, நேராக, அசையாமல் அமுக்கி எடுத்தாள். ஒரு குச்சி, இரண்டு வளைவு, ஒரு தாடி நிழல். அவளுடைய வில்லையைவிட மங்கல். ஆனால் இனி இதைவிட மங்காது.

தட்டில் காசு வெளியே வந்தபோது பந்தலில் இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். முதல்முறையாக அது மின்னவில்லை.

“என்ன பிலவேந்திரா, இந்த வருசம் கறுத்துப்போச்சு?” என்று ஒருவர் கேட்டார்.

“பொம்பள கை பட்டிருச்சு” என்றார் பெரியப்பா பெருமையாக. “கறுப்பா இருந்தாத்தேன் காசு பொழைக்குமாம். படிச்ச புள்ள சொல்லுது.”

பெரியம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. தட்டு அவ்வளவு மின்ன, நடுவில் அது மட்டும் அப்படிக் கிடப்பதைப் பார்க்கப் பார்க்கக் கை பரபரத்தது. முதல் பந்தி முடிந்ததும், பிழிந்து போட்ட எலுமிச்சம்பழத் தோல் ஒன்றை எடுத்துக்கொண்டு, யாரும் பார்க்காதபோது தட்டுப் பக்கம் நகர்ந்தாள்.

“பெரியம்மா!” பெனிஷாவின் குரல் அண்டா வரைக்கும் கேட்டது. “கைய எடுங்க! அந்தக் காசத் தொட்டீகன்னா பாருங்க!”

பெரியப்பா இலையிலிருந்து நிமிர்ந்தார். “கேட்டீகளாப்பா?” என்றார் பந்தி முழுவதற்கும். “காசத் தொடாதன்னு பொம்பளைககிட்டச் சொல்றது இப்ப யாருன்னு கேட்டீகளா?”